ஏழு மணிக்கு மூடிய கடை

கண்ணு,

நாளைக் காலை ஓடக் கிளம்புமுன் தேள் ஏதாவது இருக்கிறதா என்று ஷூவைத் தலைகீழாகத் தட்டுவாய் அல்லவா, அப்போது இது கீழே விழும். லேப்பில் வீணாகிப்போன ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இப்போது திண்டிவனத்தில் மதியம் மூன்று மணி. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்த காலைக் கூட்டம் போய்விட்டது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது முறை கையை நீட்ட வந்தவர்களும் போய்விட்டார்கள். இனி ஐந்து மணி வரை ஈ ஓட்டும் வேலைதான். ஏழு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. நேரில் சொல்லலாம் என்று எத்தனையோ தடவை உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். ஆனால் நீ "வுடும்மா" என்பாய். விஷயத்தைக் கேட்பதற்கு முன்பே மன்னித்துவிடுவாய். எனக்கு அந்த மன்னிப்பு வேண்டாம். முழுசாகத் தெரிந்துகொண்டு பிறகு என்ன செய்கிறாயோ செய்.

நாளை மதியம் இரண்டு மணி பஸ்ஸில் நீ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறாய். ஒரு அம்மா சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்குமோ இருக்காதோ. ஷிஃப்ட் மாறினால் உன் சாப்பாட்டு நேரத்தையும் கூடவே மாற்றிக்கொள். பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரம் சாப்பாடு என்பதை நைட் ஷிஃப்டிலும் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டு அழாதே. பட்டினி முடிந்ததும் பரோட்டாவில் போய் விழாதே. தண்ணீர் குடி. தலை சுற்றினால் அன்றைக்கு அவ்வளவுதான், உட்கார்ந்து சாப்பிட்டுவிடு. உன் ரூமில் யாராவது மூன்று நாள் தண்ணீரிலேயே இருந்து உடம்பைக் குறைத்ததாகச் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. பசியைப் பற்றி எனக்குத் தெரியும் கண்ணு. பதினைந்து வருஷமாகப் பசித்தவர்களின் கையில்தான் ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். "கடைசியா எப்போ சாப்டீங்க?" என்ற கேள்வியை ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்கிறேன். கேட்க வேண்டிய ஒரே ஆளிடம் மட்டும் என்னால் கேட்க முடிந்ததில்லை. உன்னிடம்தான். ஏனென்றால் பதில் எனக்கு முன்பே தெரியும்: சித்தி வீட்டில்.

உன் சித்தியின் மேல் எனக்கு இருப்பதற்குப் பெயர் பொறாமை. வேறு நல்ல பெயர் ஏதாவது கிடைக்குமா என்று வருஷக்கணக்கில் தேடினேன். கவலை என்றேன், பொறுப்பு என்றேன், உடம்பு கெட்டுவிடும் என்கிற பயம் என்றேன். எதுவும் பொருந்தவில்லை. உன் ஒண்ணரை வயதில் நான் செஞ்சி காலேஜில் விலங்கியல் இரண்டாம் வருஷம். பத்தொன்பதில் கல்யாணம், இருபதில் நீ. படிப்பை விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பத்தாவதோடு நின்றுவிட்ட என் தங்கச்சி, "நீ போக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று உன்னை வாங்கிக்கொண்டாள். அவளால்தான் நான் பட்டம் வாங்கினேன், லேப் படிப்பு படித்தேன், வேலைக்கும் போனேன். அதெல்லாம் நன்றாகவே தெரியும். உனக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, ரசம் சாதத்தைக் குழைத்து உன் வாய்க்கருகே கொண்டுபோனேன். நீ உதட்டை இறுக்கிக்கொண்டு, "சித்தி ஊட்டுனாதான்" என்றாய். கொஞ்சினேன், மிரட்டினேன், தட்டில் காக்கா வருகிறது என்றேன். திறக்கவில்லை. கடைசியில் அந்த ரசம் சாதத்தை அடுப்படியில் நின்றபடி நானே தின்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வாரத்தில் ஆறு நாள் விட்டதை ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் பிடித்துவிடப் பார்த்தேன். காலையில் பூரி, பதினோரு மணிக்குக் கறிவறுவல், மதியம் சோறு, நாலு மணிக்கு பஜ்ஜி, ராத்திரி முட்டைத் தோசை. "ஆறு நாளு சோத்தயும் சேத்து வெச்சி ஒரே நாள்ல லோடு ஏத்துறா பாரு" என்று உன் நைனா லாரிக்காரர் பாஷையில் சொல்லிச் சிரிப்பார். நீயும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றாய். வேண்டாம் என்று சொன்னால் எனக்கு முகம் சுருங்கிவிடும் என்று அந்த வயதிலேயே உனக்குத் தெரிந்திருந்தது. போலீஸ் வேலைக்கு அப்ளிகேஷன் போட்ட அன்று கோட்டை ரோட்டில் ஓடப் போனவன் ஒரு கிலோமீட்டர் முடிவதற்குள் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாய். எண்பத்தெட்டு கிலோ. அதில் பாதி என் ஞாயிற்றுக்கிழமைகள்.

அப்போதுதான் நீ இந்த முறைக்கு வந்தாய். பகல் பதினொன்றிலிருந்து இரவு ஏழு வரைதான் சாப்பாடு. பகலெல்லாம் லைப்ரரியில் படிப்பு, சித்தி வீடு சிங்கவரம் ரோட்டில் நாலு எட்டில் இருக்கிறது, அங்கே சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான். எல்லாம் நியாயம்தான். ஆனால் விடியற்காலையில் கிளம்பிப் போகிற எனக்குத் திரும்பி வர பஸ் எத்தனை மணிக்கு? ஏழு இருபதுக்கு. வீட்டுக்குள் நுழைந்ததும், "சாப்டியாடா?" என்பேன். நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "கடை மூடியாச்சும்மா" என்று சிரிப்பாய். அந்தச் சொல் கூட உன் சொந்தச் சொல் இல்லை. அது அவள் கண்டுபிடித்தது. "பதினோரு மணிக்குக் கட தொறப்பேன், ஏழு மணிக்கு ஷட்டர இழுத்துருவேன், எந்த மந்திரி வந்தாலும் தொறக்க மாட்டேன்" என்று அவள் சொல்லி நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் லேப்பில் கெஞ்சிக் கூத்தாடி முன்னதாகக் கிளம்பினேன். ஆறு ஐம்பதுக்கு வீட்டில் நின்றேன், கையில் சுடச்சுட இடியாப்பப் பொட்டலம். நீ ஆறரைக்கே முடித்திருந்தாய். எனக்காக இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளினாய். மரியாதைக்குத் தின்பதற்கும் பசிக்குத் தின்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாத அம்மா உலகத்தில் உண்டா?

நீ மெலிய மெலிய நான் எரிந்தேன். அவள் கொடுத்தனுப்பும் டப்பாவைக் கழுவ வேண்டியது நான்தானே, கழுவுமுன் திறந்து மோந்து பார்ப்பேன். கொள்ளு, அவித்த வேர்க்கடலை, முருங்கைக்கீரை போட்ட கம்பு அடை, முட்டை. படித்த எனக்குத் தெரியாத கணக்கை அவள் செல்போனில் பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டாள். பதினாலு கிலோ குறைந்தாய். தெருவில் என்னை நிறுத்தி, "புள்ள ஹீரோ மாதிரி ஆயிட்டான், உன் தங்கச்சி கை அப்படி" என்றார்கள். என் பிள்ளை, என் தங்கச்சியின் கை. நடுவில் நான் எங்கே? உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: நானும் அந்தப் பட்டினியை ஆரம்பித்தேன். யாருக்கும் சொல்லாமல், அதே பதினொன்று, அதே ஏழு. உன்னோடு சேர்ந்து சாப்பிடத்தான் முடியவில்லை, சேர்ந்து பட்டினியாவது கிடக்கலாமே என்று. பத்தரை மணிக்கு ஒரு பெரியவர் கையில் நரம்பைத் தேடும்போது என் கை நடுங்கியது. "இன்னா மேடம், சாப்டாம வரச் சொன்னது என்னத்தான, நீங்க ஏன் சாப்டாம வந்தீங்க?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்கு மூன்று கிலோ குறைந்தது. நீங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

இனிதான் விஷயம். போலீஸ் ஓட்டப் பரீட்சைக்கு முந்தின நாள் நான் லீவு போட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. திடீரென்று முன்னால் நின்று அசத்த வேண்டும் என்று ஆசை. நைனா அன்று லோடு ஏற்றிக்கொண்டு ஹைதராபாத் பக்கம். நான் காலையிலேயே கறி எடுத்து வந்து, தயிர் போட்டு ஊறவைத்து, பன்னிரண்டு மணிக்கெல்லாம் பிரியாணியை தம் போட்டு இறக்கிவிட்டேன். ஒரு மணிக்கு உனக்கு போன் போட்டேன். "சித்தி வூட்ல இப்பதாம்மா சாப்ட்டேன், இன்னாம்மா, லேப்லேர்ந்தா பேசற?" என்றாய். ஆமாம் என்றேன். வீட்டில் இருக்கிறேன், வா, பிரியாணி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. சாயங்காலமாவது இங்கே வந்துதானே ஆக வேண்டும் என்று குண்டானை அடுப்பு மேலேயே மூடி வைத்தேன். நான் ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை. வைத்தால் நீ வரும்போது ஆறிப்போயிருக்கும், அவள் சாப்பாடு மாதிரி அப்போதே இறக்கியதாக இருக்காது. வெயில் எப்படிப்பட்ட வெயில் என்று உனக்கே தெரியும், கோட்டைப் பாறையெல்லாம் சாயங்காலம் வரை அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. நீ வந்தது எட்டு மணிக்கு. அவள் வீட்டில் ஆறரைக்கே முட்டையும் அடையும் முடித்துவிட்டு வந்திருந்தாய்.

"கடை மூடியாச்சும்மா." "இன்னிக்கி ஒரு நாள் எனக்காகத் தொறடா." "நாளிக்கி ஓடணும்மா." "ஓடறதுக்குத்தாண்டா தெம்பு வேணும். ஒரு வருஷமா உனக்கு ஒரு வேள சோறு போடலடா நானு." இதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. வேண்டுமென்றே உடைத்தேனா என்று இன்றைக்கும் எனக்கே தெரியவில்லை. நீ கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். முதல் வாய் வைத்ததும், "இன்னாம்மா, கொஞ்சம் புளிப்பா இருக்குது?" என்று கேட்டாய். "தயிர்டா, கொஞ்சம் தூக்கலாயிடுச்சி" என்றேன். கண்ணு, நான் அதை ருசி பார்க்கவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு இறக்கியபோது பார்த்ததுதான். ராத்திரி சூடு பண்ணியபோது ஏழு மணி தாண்டிவிட்டது, எனக்கும் கடை மூடிவிட்டது. உனக்குத் தெரியாமல் நான் பிடித்துக்கொண்டிருந்த பட்டினியைக் காப்பாற்ற, ஒரு பருக்கையைக் கூட நாக்கில் வைக்காமல் உனக்குப் பரிமாறினேன். நீ மூன்று தட்டு தின்றாய். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

விடியற்காலை நாலரைக்கு நீ விழுப்புரம் கிளம்பிப்போனாய். ஐந்து மணிக்குக் குண்டான் மூடியைத் திறந்தேன். மோந்து பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கிருமிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழகினவளுக்கு மூக்கு போதாதா? உடனே உனக்கு போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மிச்சத்தையெல்லாம் குழி தோண்டிக் கொட்டி மூடினேன், குண்டானைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், பினாயிலால் அடுப்படியைக் கழுவினேன். மூன்றாவது சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிரவுண்டு ஓரத்தில் உட்கார்ந்து வாந்தியெடுத்ததாக நீ வந்து சொன்னபோது வீடு மணத்துக்கொண்டிருந்தது. "நைட்டு சாப்ட்டதுதாம்மா ஒத்துக்கலையோ" என்று நீ தயங்கித் தயங்கித்தான் சொன்னாய், என்னைக் குத்திவிடக் கூடாதென்று. நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "நீ படுத்தப்புறம் நானும் அதைத்தானடா சாப்ட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே. சித்தி வூட்டு முட்டைதான் கெட்டுப்போயிருக்கும். தெனம் லேப்ல பாக்கிறேன், இது முட்டைல வர்றதுதான்." பொய், கண்ணு. முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை பொய். படித்த படிப்பை, போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டை, அந்தப் பொய்க்குச் சாட்சியாக நிறுத்தினேன். நீ நம்பினாய். நீ அறைக்குள் போய்ப் படுத்ததும் அவளுக்கு நானே போன் போட்டேன். "முட்ட எப்போடி வாங்கின?" என்றுதான் கேட்டேன், வேறு ஒன்றும் கேட்கவில்லை. "முந்தா நேத்துதான்கா... நல்லாத்தான்கா இருந்துச்சி... ஐயோ, நானாக்கா? எங்கையாலயா?" என்று அவள் அழுதாள். அழட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் உள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்தது.

அன்றிலிருந்து நீ அவள் வீட்டுக்குப் போவதில்லை. கோபித்துக்கொள்ளவில்லை, திட்டவில்லை, போகாமல் இருந்துவிட்டாய். டப்பா வருவது நின்றது. சித்தி எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டாய். நீயே ஓட்ஸ் கிண்டிக்கொள்கிறாய், முட்டை மட்டும் தொடுவதில்லை. எனக்குக் கிடைத்தது என்ன? நீ அவளிடம் சாப்பிடுவது நின்றது, அவ்வளவுதான். என்னிடம் சாப்பிட ஆரம்பித்துவிடவில்லை. ஏழு இருபதுக்கு நான் வந்தால் "கடை மூடியாச்சும்மா" என்று சொல்லக் கூட உனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை.

இதையும் முழுங்கிவிட்டு உன்னை பஸ் ஏற்றிவிட்டிருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு லேப்பில் முறை டூட்டி, அவள் அங்கே வந்தாள். டாக்டர் சீட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். முகம் வெளுத்திருந்தது. வாய் பழகின கேள்வி, யார் என்று பார்க்காமலே வந்துவிட்டது: "கடைசியா எப்போ சாப்ட்ட?" "வெள்ளிக்கெழம ராத்திரிக்கா." ஒண்ணரை நாள். "இன்னாடி இது, நீயும் ஒடம்பக் கொறைக்கிறியா?" என்றேன், கிண்டலாக. "இல்லக்கா. சனிக்கெழம சனிக்கெழம பச்சத் தண்ணியோட சரி. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போய்ட்டு வந்துதான் சாப்புடறது. நம்ம பையன் பாஸ் பண்ற வரைக்கும் வேண்டிக்கினேன். எங்கையால கெட்டது, என் வயித்தாலயே சரியாவட்டும்னு." ஏழு மாதமாக. ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே இருந்தது. அந்த ரிப்போர்ட்டை என் கையாலேயே டைப் அடித்தேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? வெட்கத்தால் மட்டும் இல்லை. "நம்ம பையன்" என்றாளே, அது சுருக்கென்றது. அதைவிட, உனக்காகப் பட்டினி கிடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று வயிறு எரிந்தது. நான் கிடந்த பட்டினி எனக்காக, என் தங்கச்சியோடு போட்டி போட. அவள் கிடப்பது உனக்காக. இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊசி குத்தின இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, இப்படி நினைக்கிறவள் ஒரு அக்காவா, ஒரு அம்மாவா என்று அதற்கப்புறம்தான் தோன்றியது.

ஆகவே கண்ணு, உனக்கு ஒரு அம்மா சொல்லக்கூடிய புத்திமதி என்று என்னிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். யார் முகமும் சுருங்கிவிடக் கூடாதென்று ஒரு வாயும் தின்னாதே. நாளைக்கு உனக்குக் கல்யாணமாகி, நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு கரண்டியோடு உன் முன்னால் நிற்போம். போதும் என்றால் போதும் என்று சொல். புளிப்பாக இருந்தால் புளிக்கிறது என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிடு. பிரியம் என்று பெயர் சொல்லி நீட்டுவதையெல்லாம் வாங்கி வயிற்றுக்குள் போட்டுக்கொள்ள வேண்டிய கடன் உனக்கு இல்லை. அன்று ராத்திரி நீ முடியாது என்று எழுந்து போயிருந்தால் நான் அழுதிருப்பேன், ஒரு நாள் பேசாமல் இருந்திருப்பேன். நீ ஓடி முடித்திருப்பாய்.

இன்று ஆறு மணிக்கு இங்கிருந்து கிளம்புவேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக வீட்டுக்கு வரமாட்டேன். சிங்கவரம் ரோட்டுக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வீடு. எனக்கு முன்னால் நீ அதை அவளிடம் சொல்லும்படி உன்னை விட்டுவிட்டால் அது இன்னொரு திருட்டு. அவள் கதவைச் சாத்திக்கொள்வாளோ, அடிப்பாளோ, தெரியாது. அடித்தால் நல்லது. அவளுக்குத் தெம்பு இருக்கிறது என்று சந்தோஷப்படுவேன்.

நாளைக்கு சனிக்கிழமை, அவள் விரதம். நீ ஓடிவிட்டு வந்து, குளித்து, பையைக் கட்டிக்கொண்டு பதினோரு மணிக்கு அங்கே போ. நான் முன்னாலேயே போயிருப்பேன், உள்ளே விட்டால் உள்ளே, விடாவிட்டால் வாசலில். அவளிடம் உரிமையோடு கேள்: "கடை தொறந்தாச்சா சித்தி?" இரண்டு முட்டை வேண்டும் என்று கேள். அவள் உனக்குப் போடட்டும். அவள் போடுவதை நீ வாய் நிறையத் தின்னும்போது எனக்கு எரியும், இப்போது நினைக்கும்போதே எரிகிறது, அது இந்த ஜென்மத்தில் போகாது போலிருக்கிறது. எரிந்துவிட்டுப் போகட்டும். என் கை சும்மா இருக்காது. நீ அவளிடம், "நீ சாப்புடாம நான் சாப்புட மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிடு. பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்து, முதலில் நான் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, அவளுக்கு நான் போடுகிறேன்.

உன் அம்மா